நீச்சல்: நேரமா, நுட்பமா?

நீச்சல் போட்டிக்குப் போகும் பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "உன் பெஸ்ட் டைம் எவ்வளவு?" அப்பா கேட்பார், மாமா கேட்பார், பக்கத்து லேனில் நீந்தும் பையனும் கேட்பான். எப்படி நீந்தினாய் என்று கேட்பவர்கள் அபூர்வம். வணிகவியல் பாஷையில் சொன்னால், நிகர லாபத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை மூடிவைக்கிற கதை இது. அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்த சிலர் நீச்சல் வரலாற்றில் இருக்கிறார்கள்.

முதலில் சொல்ல வேண்டியவர் ஜேம்ஸ் கவுன்சில்மேன். 'டாக்' என்றால்தான் நீச்சல் உலகத்துக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1957-லிருந்து 1990 வரை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர். கரையில் நின்று ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதோடு அவர் நிற்கவில்லை. கேமராவைத் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோனார். அதுவரை கையை நேராக நீட்டி, துடுப்பு மாதிரி இழுக்க வேண்டும் என்றே பலரும் சொல்லிக்கொடுத்தார்கள். படத்தைப் போட்டுப் பார்த்தால் சிறந்த வீரர்கள் யாருமே அப்படிச் செய்யவில்லை! முழங்கையை மடக்கி, வளைவான பாதையில் இழுத்தார்கள். இந்த ஆராய்ச்சியெல்லாம் 1968-ல் 'நீச்சலின் அறிவியல்' என்ற புத்தகமாக வந்தது. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்று, ஏழிலும் உலக சாதனை படைத்த மார்க் ஸ்பிட்ஸ் இவரிடம் பயின்றவர்தான்.

விமானத்தின் இறக்கை மேலே தூக்கப்படுவது போல, கை பக்கவாட்டில் அசைவதால்தான் உந்துவிசை கிடைக்கிறது என்று 1971-ல் கவுன்சில்மேன் விளக்கம் சொன்னார். பின்னாளில் வந்த ஆய்வுகள் இதை அப்படியே ஏற்கவில்லை. தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளுவதே முக்கியம், உடல் உருள்வதாலும் அந்த வளைவு தெரிகிறது என்றன. ஆனாலும் உற்றுப் பார்க்கும் பழக்கத்தைக் கொடுத்தவர் அவர். அவருடைய தவறைக் கண்டுபிடித்ததும் அதே பழக்கம்தான்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 13 போட்டிகளில் 12 தங்கத்தை அமெரிக்கா வென்றது. தலைமைப் பயிற்சியாளர் கவுன்சில்மேன். அதே குளத்தில் பெண்களுக்கான 13-ல் 11 தங்கம் கிழக்கு ஜெர்மனிக்கு. உலகமே வாய்பிளந்து பார்த்த நேரங்கள் அவை. சுவர் இடிந்த பிறகுதான் உண்மை முழுதாக வெளிவந்தது. பள்ளி வயதுப் பெண்களுக்கு வைட்டமின் என்று சொல்லி ஹார்மோன் மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் அரசாங்கத் திட்டமாக! அந்தப் பெண்களில் பலர் வாழ்நாள் முழுக்க உடல்நலக் கேடுகளைச் சுமந்தார்கள். விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மன்ஃபிரட் ஏவால்ட் 2000-ல் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். நேரம் மட்டுமே குறி என்றால் எதுவரை போவார்கள் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ரஷ்யாவின் அலெக்சாண்டர் போப்போவ். 1992, 1996 என இரண்டு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் இவருக்கே. பயிற்சியாளர் கென்னடி துரெட்ஸ்கி. அவர்களுடைய முறை விசித்திரமாகத் தோன்றும். உலகின் வேகமான நீச்சல்காரர் பயிற்சியில் மெதுவாக நீந்துவார்! முதலில் குறையில்லாத அசைவு, பிறகு அதே அசைவைக் கெடுக்காமல் வேகம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரட்டிப்பானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே கூடுதல் பலத்தைக் கொட்டுவதைவிட எதிர்ப்பைக் குறைப்பதே லாபம். 1994-ல் போப்போவ் படைத்த 48.21 வினாடி சாதனை 2000 வரை நின்றது.

நேரம் பொய்யும் சொல்லும் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2009-ல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் உடைந்தன. ஒரே வருடத்தில் மனிதர்கள் அவ்வளவு மாறிவிட்டார்களா என்ன? மாறியது உடை. பாலியூரித்தேன் நீச்சலுடைகள் 2010 தொடக்கத்தில் தடைசெய்யப்பட்டன.

பிள்ளைகள் விஷயத்திலும் இப்படி ஒரு மாயை இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உயரம் கூடக்கூட நேரம் தானாகவே குறையும். வளர்ச்சி நின்றதும் நேரமும் நின்றுவிடும். பெஸ்ட் டைம் ஒன்றையே தன் மதிப்பாக நினைத்த பிள்ளை, அன்றைக்கு "எனக்கு இது வராது" என்று குளத்தை விட்டே போய்விடுகிறது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 50 மீட்டரை நீந்த ஆன வினாடிகளையும் கைவீச்சுகளின் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். 40 வினாடி, 45 வீச்சு என்றால் 85. அடுத்த மாதம் அதே 40 வினாடியில் 41 வீச்சு என்றால் 81. கடிகாரத்தின் கணக்கில் முன்னேற்றம் பூஜ்யம். ஆனால் அந்தப் பிள்ளை முன்னேறியிருக்கிறது! சும்மா சறுக்கிக்கொண்டு வீச்சைக் குறைத்தால் வினாடி ஏறிவிடும், எனவே ஏமாற்றவும் முடியாது.

போட்டி என்றால் நேரம் வேண்டும்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1979-ல், தன் 58-வது வயதில் கவுன்சில்மேன் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். அந்த வயதில் அவரைக் கரை சேர்த்தது வேகமாக இருந்திருக்க முடியாது. அடுத்த முறை குளத்திலிருந்து ஏறி வரும் பிள்ளையிடம், "இன்னைக்குத் தண்ணி எப்படிப் பிடிபட்டுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.