மன்றோவின் கல்வித் திட்டமும் ஆசிரியர் ஊதியமும்

சென்னை மாகாணத்தின் கல்வி வரலாற்றை ஆராய முற்படும்போது 1822ஆம் ஆண்டில் நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. அவ்வாண்டில் ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, பள்ளிகளின் கணக்கைத் திரட்டி அனுப்புமாறு மாவட்டக் கலெக்டர்களைப் பணித்தார். 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவரும் இருப்பது தெரியவந்தது. பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளே. அங்குப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுத்தையும் வாசிப்பையும் ஒருசேரக் கற்றனர்.

எண்ணிக்கை வியப்பூட்டினாலும், கற்பித்தலின் தரம் வேறு கதை சொல்கிறது. பல்லாரி கலெக்டர் கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைப் பாராட்டினார். ஆயினும், பிள்ளைகள் பொருளறியாமல் செய்யுள்களை மனனம் செய்வதையும், தகுதியுள்ள ஆசிரியர் இல்லாமையையும் பெருங்குறைகளாகச் சுட்டினார்.

இதன் காரணத்தை மன்றோ 1826 மார்ச் 10ஆம் நாள் எழுதிய குறிப்பில் ஆராய்ந்தார். ஆசிரியரின் மாத வருவாய் பொதுவாக ஆறேழு ரூபாய்க்கு மேல் இல்லை. இத்தொகைக்குத் தகுதியுடையோர் இப்பணிக்கு வரமாட்டார்கள் என்பது அவர் துணிபு. எனவே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளி. ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரு தலைமைப் பள்ளிகள். அவற்றின் கீழ்த் தாசில்தாரிப் பள்ளிகள் எனத் திட்டம் வகுத்தார். தலைமைப் பள்ளி ஆசிரியர்க்கு மாதம் 15 ரூபாயும், தாசில்தாரிப் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாயும் அரசே வழங்க வேண்டும் என்றார். நூல் வெளியீட்டுக்கான உதவியையும் சேர்த்து ஆண்டுச் செலவு 48,000 ரூபாய்.

1827 ஜூலையில் மன்றோ வாந்திபேதியால் இறந்தார். கம்பெனி இயக்குநர்கள் நிதிக்கு இசைந்தனரெனினும், 1830இல் உயர்குடியினரின் உயர்கல்வியே முதன்மை என அறிவுறுத்தினர். 1836இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. ஆசிரியர் பயிற்சிக்கென அரசுப் பள்ளியொன்று சென்னையில் தோன்ற 1856 வரை காத்திருக்க நேர்ந்தது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுவே.

இவ்வரலாறு பழங்கதையன்று. 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வின்படி, இந்திய ஊரகங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை. பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூறி நாம் நிறைவடைந்துவிடுகிறோம். அங்கு வாசிக்கக் கற்பிப்பவர் யார், அவர் எத்தகைய பயிற்சி பெற்றார், அவருக்கு என்ன ஊதியம் என்று மன்றோ அன்று எழுப்பிய வினாக்களை அரசுப் பள்ளிகளைப் பற்றியும், நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளைப் பற்றியும் நாம் இன்று எழுப்பியாக வேண்டும்.