மெட்டுப் பாதை – 17: மேலே கூலி, கீழே வீடு

போன வாரம் ஒரு சட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். பம்பாயில் பிளேக் புகுந்த சில மாதங்களிலேயே வெள்ளைக்கார அரசு அவசரம் அவசரமாக எழுதிய 1897ஆம் வருடத்துத் தொற்றுநோய்ச் சட்டம். மொத்தம் நாலே பிரிவுகள். ஆளை நிறுத்தலாம், வண்டியை நிறுத்தலாம், ரயிலில் வருகிறவரை இறக்கிச் சோதிக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று சொல்லும் அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது.

பூட்டிய அலமாரி 2020 மார்ச்சில் திறந்தது. அதே சட்டம், அதே எண். அதன் கீழ்தான் தமிழ்நாடு அரசு கொரோனா விதிமுறைகளை வெளியிட்டது. நூற்று இருபத்து மூன்று வருடத் தூசியைத் தட்டி எடுத்த அந்தக் காகிதம் போடிமெட்டுக்கும் தேவாரம் மலையடிவாரத்துக்கும் என்ன செய்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

அதற்கு முன் பிளேக்கைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். மூன்று பக்கம் மலை சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் வந்து போகும் நோயாக இல்லை, தங்கிவிட்ட நோயாக இருந்தது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இங்கேயே எலியையும் தெள்ளுப்பூச்சியையும் பிடித்து எண்ணி, 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். சென்னை மாகாணத்தில் அப்போது 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒன்று இருந்தது. நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவர் கையில் அதைக் கொடுத்துவிடுவார்கள். பத்து நாள், தினமும் போய் அதிகாரி முன்னால் நின்று முகம் காட்ட வேண்டும். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே எழுந்தது.

எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துவிட்டு வெளியே குடிசை போட்டுக்கொள்வது அன்றைய வழக்கம். வீட்டை விட்டு வெளியே போ என்றது அந்தக் காலத்து உத்தரவு. வீட்டை விட்டு வெளியே வராதே என்றது 2020இன் உத்தரவு. இரண்டாவது உத்தரவைப் போட்டவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. வீடும் கூலியும் ஒரே ஊரில் இருப்பவனுக்குத்தான் அது பொருந்தும். இந்த மலைச்சரிவில் வீடு கீழே, கூலி மேலே.

விடியும் முன்பே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் உறுமும். தூக்குவாளியும் தலைத்துணியுமாகப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து மலை ஏறுவார்கள். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கடந்தால் போடிமெட்டு; அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. ஏலத்தோட்டம் முழுக்கக் கேரளத்தில், அதில் குனிந்து பழம் எடுக்கும் கைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டில். ஜீப்புக்குக் காசு கொடுக்க மனசில்லாதவர்களுக்கும் ஜீப் கிடைக்காதவர்களுக்கும் தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ஏறும் நடைபாதை மாதிரிப் பழைய வழிகள் உண்டு. அந்தப் பாதையைச் சாலையாக்கித் தரச் சொல்லி ஊர் எத்தனை தேர்தலாகக் கேட்கிறது என்பதை ஏற்கெனவே இந்தத் தொடரில் பார்த்தோம்.

மார்ச் 21, சனிக்கிழமை. கேரள எல்லையைத் தமிழ்நாடு அடைத்தது. மறுநாள் ஞாயிறு ஊரடங்கு. மாலை 5 மணிக்குத் தட்டைத் தட்டச் சொன்னார்கள், தட்டினோம். செவ்வாய்க்கிழமை 24ஆம் தேதி மாலை 6 மணிக்கு மாநிலம் முழுக்க 144. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, நள்ளிரவிலிருந்து 21 நாள் நாடே மூடப்படும் என்றார். கையில் இருந்தது நான்கு மணி நேரம்.

இந்த நேரத்தில் கடலுக்கு அப்பால் என்ன நடந்தது? இத்தாலிக்காரர் வீட்டை விட்டு இறங்க, எதற்காகப் போகிறேன் என்று தானே எழுதிக் கையெழுத்திட்ட தாளைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். பிரான்சிலும் அதே தாள். உடற்பயிற்சி என்று எழுதினால் ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர். ஸ்பெயினில் நாயை நடத்திக் கூட்டிப்போகலாம், பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது. ஏப்ரல் 26 வரைக்கும் ஆறு வாரம் குழந்தைகள் தெருவைப் பார்க்கவில்லை. சுவீடன் மட்டும் பெரிதாக எதையும் பூட்டாமல் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

நமக்கு வேண்டியது இவையல்ல. இத்தாலியின் கொரீசியாவும் ஸ்லோவேனியாவின் நோவா கொரீசாவும் ஒரே சதுக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்ட ஊர்கள். அந்தச் சதுக்கத்தின் நடுவே கம்பிவேலி முளைத்தது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரத்துக்கும் சுவிட்சர்லாந்தின் க்ராய்ட்ஸ்லிங்கனுக்கும் இடையில் ஒரு வேலி போட்டார்கள். காதலர்கள் வேலிக் கம்பி வழியே கைகோத்துக்கொண்டார்கள் என்று தள்ளி இன்னொரு வேலியும் போட்டார்கள். போலந்தில் குடியிருந்து ஜெர்மனியில் வேலை பார்த்தவர்கள் ஏப்ரல் கடைசியில் எல்லைப் பாலத்தருகே கூடிக் குரல் எழுப்பினார்கள். வேலைக்கும் போக விடு, வீட்டுக்கும் வர விடு என்பதுதான் கேட்டது. மே 4 முதல் அவர்களுக்குத் தனிமைப்படுத்தல் இல்லாமல் வழி விடப்பட்டது. அவர்கள் கடந்தது இரண்டு தேசங்களின் எல்லை. நம்முடையது ஒரே நாட்டுக்குள் 1956இல் உறுதி செய்த கோடு. ஒரே நாடு என்பதால் வழி சீக்கிரம் திறந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?

போடியில் நடந்ததைப் பாருங்கள். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் மாறி மாறி நடக்கும். முந்தின வருடம் 2019 ஆகஸ்டில், புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய் இது. ஏலம் நின்றது. காய் கிட்டங்கியில் முடங்கியது. தரம் பிரித்துக் கூலி வாங்கும் போடிப் பெண்களுக்குச் சல்லடையும் முறமும் சும்மா கிடந்தன. ரம்ஜானுக்கு வளைகுடாவுக்குக் கப்பலேற வேண்டிய சரக்குக்கு ஏலமே மே கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. அதற்குள் பெருநாள் முடிந்திருந்தது. மதுக்கடை மே 7ஆம் தேதியே திறந்துவிட்டது என்பதையும் சேர்த்து எழுதிவைப்போம். வரலாறு என்றால் எல்லாம்தான் இருக்க வேண்டும்.

ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வந்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன், பல அடுப்புகள் அதில்தான் எரிந்தன. ஆனால் மேலேயே தங்கி வேலை பார்த்தவர்கள் தோட்டத்து லயத்தில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய அட்டை கீழே வீட்டுப் பெட்டியில். கேரள அரசின் சமுதாயச் சமையலறைகள் இருந்தன என்றாலும், நெடுஞ்சாலையிலிருந்து விலகிக் காட்டுக்குள் கிடக்கும் தோட்டத்துக்குச் சோற்றுப் பொட்டலம் எவ்வளவு தூரம் நடக்கும்? மே மாதத்து வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு எங்கே வேலையில் இருந்தாலும் சனம் இறங்கி வந்துவிடும். அந்த வருடம் அதுவும் இல்லை.

பிறகு பாஸ் வந்தது. தமிழ்நாட்டுக்கு இ-பாஸ், கேரளத்துக்கு 'ஜாக்ரதா' இணையதளத்தில் தனிப் பதிவு, போய்ச் சேர்ந்தால் பதினாலு நாள் தனிமை. தினக்கூலிக்குப் போகிறவள் பதினாலு நாள் தனித்திருந்து ஒரு நாள் பழம் எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டவர் யாரோ! விண்ணப்பம் போடக் கணினி மையத்துக்குப் போக வேண்டும், கணினி மையமோ ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது. பிளேக் பாஸ்போர்ட்டாவது கையில் கொடுத்தார்கள்.

சாலையில் தடுப்பு என்றால் கால் எங்கே போகும்? பழைய வழிக்குத்தான். ஊடுவழிகளில் கேரளப் போலீஸ் காவல் போட்டது. இந்தப் பக்கமும் வனத்துறை ஆள் நிறுத்தியது. பாட்டன் காலத்தில் மாடும் மனிதனும் தலைச்சுமையும் ஏறி இறங்கிய தடம் 2020இல் குற்றமாயிற்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு பிற்பகலை மட்டும் வேண்டுமென்றே தாண்டி வந்திருக்கிறேன். மார்ச் 24, செவ்வாய். பிரதமர் பேசுவதற்குச் சில மணி நேரம் முன்பு.

மேலே தோட்டங்களில் அன்று ஒரே பேச்சுத்தான்: மாலை ஆறு மணிக்கு எல்லாம் மூடப்போகிறது, இப்போதே இறங்கிவிட வேண்டும். ஜீப் இல்லை, பஸ் இல்லை. சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலைக்கு வந்திருந்த ராசிங்கபுரத்துக் குடும்பங்கள் சில, காட்டு வழியாக நடந்தே ஊருக்கு இறங்குவது என்று முடிவெடுத்தன. தெரிந்த மலை, தெரிந்த தடம். கூட்டத்தில் இடுப்பில் தூக்கிவந்த குழந்தையும் இருந்தது.

மார்ச் மாதத்தில் இந்தச் சரிவுகளில் போதைப்புல் ஆளுயரத்துக்கு நின்று காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைச் சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன தீ அந்தப் புல்லில்தான் ஓடியது. அதற்குப் பிறகு விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது, மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. கூலிக்காரர்கள் நடக்கும் பாதைக்கு எந்த விதிமுறையும் வரவில்லை. அவர்களை யாரும் மலையேறுகிறவர்களாக எண்ணியதில்லை.

பொழுது சாயும் நேரம். பாதி மலை இறங்கியாயிற்று. ராசிங்கபுரத்துக்கு மேலே உள்ள சரிவுக்கு வந்துவிட்டார்கள். கீழேயிருந்து காற்று மேலே ஏறியது. காற்றோடு புகையும் வந்தது.

(அடுத்த வாரம்: ராசிங்கபுரம் சரிவு)