மெருகு பூசாத மண்: வைகைக் கரையின் குயத்தொழிலும் மானாமதுரையும்

தமிழகக் கடற்கரைக்குச் சீனப் பீங்கான் வந்திறங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்விலேயே சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. 1987-இல் ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடத்திய ஆய்வில், 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பச்சை மெருகுக் கலங்களும் நீல வெள்ளைப் பீங்கானும் ஏராளமாக வெளிப்பட்டன. அந்தத் துறையிலிருந்து உள்நாடு சென்றால் வைகைக் கரையில் மானாமதுரை. அங்கே இன்றுவரை சூளையிலிருந்து வெளியே வரும் பானைக்கு மெருகு கிடையாது. செங்காவி பூசி, கல்லால் தேய்த்து, சுட்டெடுத்த வெறும் மண்தான். தண்ணீரோடு நெருங்கிப் பழகும் பாத்திரத்துக்குக் கண்ணாடி போன்ற பூச்சு ஒன்று உலகில் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இந்தக் குயவர் ஏன் அதைத் தொடவில்லை?

தொழில்நுட்பம் எட்டவில்லை, வறுமை விடவில்லை என்ற பதில் எளிதாக வந்துவிடுகிறது. சான்றுகளைப் பார்த்தால் அது நிற்காது. மெருகில்லாத மண்ணைக் கேட்டவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்கள் கேட்டதே இந்தத் தொழிலை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் திறமையைப் பற்றி. மானாமதுரைக்கு மேற்கே, இதே வைகைக் கரையில் உள்ள கீழடியில் 2014-15 முதல் அகழாய்வு நடக்கிறது. அங்கு எடுத்த கரி மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 அளவில் வந்ததைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. குழி குழியாகக் கிடைத்தவற்றில் பெரும்பங்கு பானை ஓடுகள். அவற்றில் கறுப்பு சிவப்புக் கலங்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. உள்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. இரண்டு நிறமும் சாயம் பூசி வந்தவை அல்ல. பானையைக் கவிழ்த்து அடுக்கிச் சுடும்போது காற்று புகாத உள்புறம் புகைக்கரியை வாங்கிக் கறுக்கிறது; காற்றுப் படும் வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. ஒரே சூட்டில், ஒரே கலத்தில், இரண்டு வகையான காற்றோட்டத்தைக் கட்டி ஆள்வது சாதாரண வேலை இல்லை. இதைச் செய்தவருக்குச் சூளையின் சூடு பிடிபடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதே ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. வைகை கடலில் கலக்கும் பகுதியை ஒட்டிய அழகன்குளத்தில், சுழல் வரிகள் அமைந்த ரௌலட்டட் கலங்களும் ரோமானியக் காசுகளும் கிடைத்தன. ஆகவே ஆற்றின் ஒரு முனையில் எழுத்தறிந்த ஊர், மறுமுனையில் அயல்நாட்டு வணிகம் நடந்த துறை. நடுவே இருந்த குயவர் வெளியுலகம் அறியாதவராக இருந்திருக்க வழியில்லை.

சங்க இலக்கியத்தில் குயவருக்கு இருந்த இடமும் கவனிக்கத்தக்கது. புறநானூற்றின் 228-ஆம் பாடலில், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது புலவர் ஐயூர் முடவனார் தம் துயரத்தை முறையிடுவது தாழி வனையும் குயவரிடம். 256-ஆம் பாடலில் கணவனை இழந்த பெண்ணொருத்தியும் குயவரிடமே பேசுகிறாள். தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். மன்னனின் சாவானாலும் வழிப்போக்கில் நேர்ந்த சாவானாலும், கடைசியில் தேவைப்படுவது இவர் கை மண்தான். பிற்காலத்தில் பல்லவர் செப்பேடுகளில் குசக்காணம் என்ற வரி வருகிறது. குயவரிடம் வரி வாங்கும் அளவுக்கு இத்தொழிலில் வருவாய் இருந்திருக்கிறது என்பது அதன் பொருள்.

இனி, மெருகு பூசிய ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். துருக்கியின் புர்சா மாநிலத்தில், இஸ்னிக் ஏரியின் கீழ்க்கரையில் இருக்கிறது இஸ்னிக். பழைய பெயர் நைசியா. 325-இல் கிறித்தவத் திருச்சபையின் முதல் பொதுச்சங்கம் கூடிய ஊர். 1331-இல் ஒட்டோமான்கள் கைக்கு வந்தது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே ஒரு புதுப் பொருள் உருவாயிற்று. சீனத்து நீல வெள்ளைப் பீங்கானுக்கு இஸ்தான்புல் அரண்மனையில் இருந்த மோகமே அதற்குத் தூண்டுகோல். சீனத்துப் பீங்கான் மண் கையில் இல்லாததால் படிகக்கல்லைப் பொடியாக்கி, கண்ணாடிப் பொடியும் கொஞ்சம் வெள்ளைக் களிமண்ணும் சேர்த்துப் பிசைந்து உடல் செய்தார்கள். கோபால்ட் நீலம், பிறகு பசுநீலம், 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் விரலால் தடவினால் மேடு தெரியும் அந்தச் சிவப்பு. 1557-இல் முடிந்த சுலைமானியே மசூதியில் அந்தச் சிவப்பு சுவருக்கு ஏறியது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சுல்தான் அகமது மசூதிக்கு மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட ஓடுகள் போயின.

அழகில் அவற்றுக்கு இணை சொல்வது கடினம். ஆனால் வாங்குபவர் யார்? பெரும்பாலும் ஒரே ஓர் அரண்மனை. விலையையும் அதுவே நிர்ணயித்தது. கட்டடப் பணிகள் குறைந்து, பணத்தின் மதிப்பு சரிந்து, நிர்ணயித்த விலை மட்டும் அசையாமல் நின்றபோது பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே சென்ற பயணி எவ்லியா செலபி, ஒன்பது பட்டறைகளே மிஞ்சியிருந்ததாக எழுதினார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. 1993-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, மறந்துபோன கலவையைச் சோதித்துச் சோதித்து மீட்க வேண்டியதாயிற்று.

வைகைக் கரையில் வாங்குபவர் அரண்மனை அல்ல, ஊர். இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. கோடையில் தண்ணீர் குளிர வேண்டுமென்றால் பானை கசிய வேண்டும். நுண்துளை வழியாக வெளியே வரும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே இருப்பது குளிரும். மெருகு பூசினால் அந்தத் துளை அடைபட்டுவிடும். அதாவது சீனக் கலத்தின் பெருமையே இங்கே குறையாகிவிடும். இன்னொன்று சடங்கு. பொங்கலுக்குப் புதுப்பானை. கல்யாணத்துக்கு அரசாணிப் பானை. தீட்டு நேர்ந்தால் புழங்கிய மண்சட்டிகளைக் கழித்துவிட்டுப் புதியவை. இடுகாட்டில் உடைக்கக் குடம். மண் எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அதைக் கழுவி மீண்டும் புழங்குவதில்லை, மாற்றுவார்கள். சாதி, தீட்டு பற்றிய அந்தக் கருத்துகளை நாம் இன்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சூளை தவறாமல் எரிந்ததற்கு அவையும் காரணம் என்பதை வரலாறு எழுதுபவர் மறைக்கக் கூடாது. நீடித்து உழைக்கும் மெருகுக் கலம் இந்தச் சுழற்சியை அறுத்திருக்கும்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் புரவியெடுப்பில் இந்த உறவு கண்ணெதிரே நடக்கிறது. அய்யனார் கோவிலுக்குக் குதிரை செய்ய நாள் குறித்ததும் ஊர்ப் பெரியவர்கள் ஒரு கைப்பிடி மண் எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் என்று அதற்குப் பெயர். அந்த மண்ணைச் சேர்த்துப் பிசைந்துதான் புரவி எழும். பல கோவில்களில் அதை வனைந்த வேளாரே பூசாரியும் ஆவார். இந்த வேளார் மரபைக் களத்தில் ஆராய்ந்த கனடிய மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ், அதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். பழைய புரவிகள் கோவில் திடலில் மழையில் கரைந்து கிடக்கும். யாரும் அவற்றைப் பழுது பார்ப்பதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதியவை வரும்.

அப்படியானால் மானாமதுரை மண் தரத்தில் இரண்டாம்பட்சமா? கச்சேரியில் வாசிக்கும் கடத்தைப் பார்த்தால் தெரியும். செய்களத்தூர், சுந்தரநடப்பு, நெடுங்குளம், நத்தபுரக்கி போன்ற இடங்களின் கண்மாய்களில் வைகை கொண்டுவந்து சேர்த்த வண்டலே இவர்களின் மூலப்பொருள். அதோடு மணல் சேர்த்து, கல்லும் வேரும் போகும்வரை காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். சக்கரத்தில் எழுப்பிய கடம் அரை ஈரத்தில் இருக்கும்போது உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மறு கையால் தட்டுப்பலகையால் அடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான அடி. சுற்றிச் சுற்றி அடிக்க அடிக்கச் சுவர் இறுகி, எங்கு தட்டினாலும் ஒரே கனமாக வரும். ஓரிடத்தில் மெலிந்தால் சுருதி பிசகும். சுட்ட பிறகு சுருதியைப் பெரிதாகத் திருத்த வழி இல்லை. மிருதங்கத்துக்கு வார் இருக்கிறது, வீணைக்குப் பிரடை இருக்கிறது, கடத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆகவே சுடுவதற்கு முன்பே, ஈர மண்ணின் கனத்தை வைத்தே சுருதியைக் கணிக்கிறார் குயவர். என் பார்வையில் இது எந்த மெருகுக்கும் குறைந்த நுட்பம் அல்ல. கச்சேரி மேடைகளில் மானாமதுரைக் கடம் என்றால் கனமான, உரத்த நாதம் என்று தனி அடையாளம் உண்டு. இந்த ஊரில் கடம் செய்யும் கலைஞர் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதெமியின் விருது பெற்றவர்.

மெருகு தமிழகத்துக்கு வந்தது வேறு வழிகளில். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் மட்பாண்டச் சோதனைகள் நடந்தன. வேலூர்ப் பக்கத்துக் கரிகிரியில் மெருகுக் கலங்கள் செய்கிறார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியது. புதுச்சேரியில் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கியது. இவற்றின் சந்தை வேறு. வைகைக் கரைக் குயவரின் வாடிக்கையை இவை பறிக்கவில்லை. பறித்தவை எவர்சில்வர் குடமும் பிளாஸ்டிக் குடமும் குளிர்சாதனப் பெட்டியும்.

அதைவிடப் பெரிய இடர் மண்ணுக்கு வந்திருக்கிறது. 1959-இல் வைகை அணை திறந்த பிறகு, மலையிலிருந்து இறங்கும் வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. கண்மாய்களில் சீமைக் கருவேலம் மண்டியிருக்கிறது. மண் அள்ள அனுமதி வாங்க அலைவது குயவர்களின் நீண்டகாலக் குறை. 2024-இல் தமிழக அரசு, ஏரி குளங்களில் வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று நடைமுறையை எளிதாக்கியது நல்ல மாற்றம்.

2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது இந்தக் கண்மாய்களின் மண்தான். ஆனால் சட்டம் காப்பது பெயரை மட்டும். மண்ணைக் காக்கும் ஏற்பாடு அதில் இல்லை. கண்மாய் தூர்வாரும் திட்டங்களில் குயவர்களுக்கு உரிய களிமண் படுகைகளை முன்கூட்டியே அளந்து, வரைபடத்தில் குறித்து, செங்கல் சூளைக்கும் சாலை மேட்டுக்கும் போகாமல் ஒதுக்கி வைக்கும் வேலையைப் நீர்வளத்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து செய்யலாம். எந்தக் கண்மாயில் எந்த ஆழத்தில் கடத்துக்கான மண் கிடக்கிறது என்று காட்ட அந்த ஊர் வேளார்கள் இருக்கிறார்கள்.