கரும்பின் அகவாழ் பாக்டீரியா

கரும்பின் அகவாழ் பாக்டீரியா (குளுக்கோனசெட்டோபாக்டர் டையசோட்ரோபிக்கஸ்) என்பது கரும்பின் வேர், தண்டு, இலை ஆகியவற்றின் திசுக்களுக்குள் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருக்கு ஏற்ற வடிவில் நிலைப்படுத்தும் ஒரு பாக்டீரியா ஆகும். பயிருக்கு நோய் உண்டாக்காமல் அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் அகவாழ் நுண்ணுயிர்கள் எனப்படும். நிலக்கடலையில் ரைசோபியம் வேர்முண்டுகளுக்குள் தங்குவது போலன்றி, இது முண்டு எதையும் உண்டாக்குவதில்லை.

கண்டுபிடிப்பு

பிரேசில் நாட்டின் கவல்கான்டே, யோகன்னா டோபரைனர் ஆகியோர் 1988 இல் இதனைப் பற்றி முதலில் வெளியிட்டனர். 1989 இல் அசெட்டோபாக்டர் பேரினத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் இப்பெயரைப் பெற்றது.

இயல்புகள்

இது சர்க்கரையை விரும்பும் உயிரி. 10 விழுக்காடு சர்க்கரையும் 5.5 அளவிலான அமிலத்தன்மையும் (பி.எச்.) உள்ள ஊடகத்தில் நன்கு வளரும், கரும்புச் சாற்றின் நிலையும் ஏறக்குறைய அதுவே. மண்ணில் தனித்து நெடுநாள் வாழ்வது அரிது. எனவே பெரும்பாலும் விதைக்கரணை வழியாகவே அடுத்த பயிருக்குச் செல்கிறது. வேர் நுனி, பக்கவேர் வெடித்து வெளிவரும் இடம், காயங்கள் ஆகியவற்றின் வழியாகப் பயிருக்குள் நுழைகிறது. நைட்ரசனுடன் வளர்ச்சி ஊக்கியான ஆக்சினையும் இது தருகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு கூட்டுறவுச் சர்க்கரை இணையத்தின் செங்கல்பட்டு ஆய்வகத்தில் முத்துக்குமாரசாமி குழுவினர் இந்தியக் கரும்பு வகைகளில் இப்பாக்டீரியாவை ஆராய்ந்தனர். 1999 இல் வெளியான அவர்களது ஆய்வு, தழைச்சத்து உரம் மிகுதியாக இட்ட கரும்பில் இது குறைவாகவே கிடைப்பதைக் காட்டியது. மெக்சிக்கோவிலும் இவ்வாறே அறியப்பட்டது. யூரியாவை வழக்கம் போல் அள்ளி இட்டுவிட்டு, உயிர் உரத்தையும் கூடுதலாகச் சேர்க்கும் உழவர் இரண்டுக்கும் செலவழிக்கிறார். உயிர் உரத்தால் பெறும் பயனோ சிறிதே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனைக் கரும்புக்கான உயிர் உரமாகப் பரிந்துரைக்கிறது. கரணைகளை நடுமுன் உயிர் உரக் கரைசலில் நனைப்பது ஒரு முறை. பூஞ்சைக்கொல்லியுடன் இதனைக் கலத்தல் கூடாது.

பயனின் அளவு

பிரேசிலின் சில கரும்பு வகைகள் தமக்குத் தேவையான நைட்ரசனில் 60 விழுக்காட்டுக்கு மேல் காற்றிலிருந்து பெறுவதாக 1992 இல் மதிப்பிடப்பட்டது. அங்கு நெடுங்காலமாகக் குறைந்த உரத்திலேயே கரும்பு வகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தன என்பதை மறத்தலாகாது. மேலும், அந்த நைட்ரசன் முழுவதும் இந்த ஒரு பாக்டீரியாவால் மட்டும் கிடைத்ததன்று. எர்பாசுபிரில்லம் போன்ற பிறவும் கரும்பினுள் வாழ்கின்றன. ஆத்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வுகளில் இவ்வளவு பயன் காணப்படவில்லை. ஆகவே பிரேசிலின் எண்ணை அப்படியே தமிழ்நாட்டு வயலுக்குப் பொருத்துவது சரியன்று.

பிற பயிர்கள்

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியைச் சுற்றிலும் நெல்லே முதன்மைப் பயிர். அருகே செய்யாறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பும் உண்டு. இத்தகைய வட்டாரங்களுக்கு, இப்பாக்டீரியா நெல்லிலும் இயல்பாக வாழ்வதாக 2005 இல் முத்துக்குமாரசாமியும் பிறரும் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. 2006 இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காக்கிங் குழுவினர் நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றின் வேர்ச் செல்களுக்குள்ளேயே இதனைக் குடியேறச் செய்தனர்.