சட்டாம்பிள்ளையும் சென்னை முறையும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு என் கடைக்கு வந்தபோது, "நைனார், இந்தத் தடவையும் கல்வெட்டுதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். "இல்லீங்க, இந்தத் தடவை பள்ளிக்கூடம்" என்றேன். திலக் நகரில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்றுப் பிழைக்கிறவன் நான். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். பழைய புத்தகக் கடைகளில் வாங்கியதையும், ஊருக்குப் போகும்போதெல்லாம் மலை ஏறிப் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள்க.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு நாள், ஐந்தாவது படிக்கும் மகனோடு ஒரு தாய் வந்தார். நோட்டின் அட்டையைக் காட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, படிடா கண்ணு" என்றார். பையன் அட்டையைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தான். எனக்கு மனசு பதறிப்போயிற்று. காரணம் அந்தப் பையன் மட்டும் இல்லை. அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

பள்ளி என்ற சொல்

'பள்ளி' என்றால் முதலில் படுக்கை, உறைவிடம் என்று பொருள். மலைக்குகைகளில் சமண முனிவர்கள் தங்கிய இடங்களில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளை இன்றும் காணலாம். மதுரைக்கு அருகில் மாங்குளம் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளிலேயே இச்சொல் வருகிறது. பிற்காலத்தில் இப்பள்ளிகளுக்கு மன்னர்கள் விட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனப்பட்டது. முனிவர் தங்கிய இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் போய்ப் படித்ததால் படிக்கும் இடமும் பள்ளியாயிற்று என்பர். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்று எங்கள் சமயம் சொல்லும் நான்கு தானங்களில் கல்வியும் ஒன்று.

எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் வேடல் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பாறைக் கல்வெட்டு, ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் ஆசிரியரையும், அவரிடம் பயின்ற 500 மாணவியரையும் அது குறிக்கிறது. அங்கே ஒரு பூசல் எழுந்தபோது, குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் காத்து உணவளிப்பது எங்கள் பொறுப்பு என்று அவ்வூர் மக்கள் ஏற்றுக்கொண்ட செய்தியும் அதில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு பெண் ஆசிரியர்! அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பள்ளியின் சோற்றுக்கு ஊர் பொறுப்பேற்றது.

திண்ணைப் பள்ளியின் மூன்று வழக்கங்கள்

பின்னாளில் ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகள் நடந்தன. 'அரி நமோத்து சிந்தம்' என்று சொல்லித்தான் பிள்ளைகள் அரிச்சுவடி தொடங்குவார்கள். சித்தர்களுக்கு வணக்கம் என்னும் அந்தச் சமண வாழ்த்து, எல்லாச் சமயப் பிள்ளைகளின் வாயிலும் நிலைத்துவிட்டது.

திண்ணைப் பள்ளியில் மூன்று வழக்கங்கள் உண்டு. ஒன்று, எழுத்தை மணலில் விரலால் எழுதிப் பழகுவது. செலவே கிடையாது. இரண்டாவது, ஆண்டு வகுப்பு என்று இல்லாமல் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அரிச்சுவடி, எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று ஏறிப்போவது. மூன்றாவது, முன்னே படித்த பிள்ளை பின்னே வருகிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது. அவன்தான் சட்டாம்பிள்ளை.

பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கோதண்டம் போட்டுப் பிள்ளையைத் தொங்கவிட்டதும் அதே திண்ணையில்தான். பெண்பிள்ளைகள் வெகு சிலர். தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையே எட்டாது. தாராவிக்கு வந்து தோல் பதனிட்ட நம்மவரில் எத்தனை குடும்பங்களின் தாத்தாக்களுக்குத் திண்ணை மறுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு வரலாறு பேசினால் அது பொய் வரலாறு.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல் 1787-ல் சென்னை வந்தார். 1789-ல் எழும்பூரில் தொடங்கிய படைவீரர் பிள்ளைகளுக்கான ஆண் அனாதை விடுதியின் கண்காணிப்பாளர் ஆனார். ஒரு நாள் காலை குதிரையில் போகையில், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்று கைவிரித்தார்கள். அவர் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். பிறகு பள்ளி முழுவதுமே பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் முறைக்கு மாறிற்று.

1797-ல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்று பெயர் பெற்று, ஏழைப் பிள்ளைகளுக்கான ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அது பரவிற்று. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர். 1832-ல் காலமான அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். நம் திண்ணை வழக்கத்தைக் கப்பலேற்றியவருக்கு அங்கே கல்லறை. சட்டாம்பிள்ளைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ஆனால் சரக்கு கைமாறும்போது தரம் குறைவது வணிகத்தில் சகஜம்தானே! ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஆசிரியர், மணியடித்தாற்போல் ஒப்பிக்கும் சட்டாம்பிள்ளைகள் என்று இங்கிலாந்தில் அது மலிவான இயந்திரம் ஆகிவிட்டது. 1846-க்குப் பிறகு அங்கே வேறு முறையைத் தேடிப் போனார்கள்.

மன்றோவின் கணக்கெடுப்பு

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற கணக்கு. ஆசிரியருக்கு மாத வரும்படி ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை என்றும் அவரே எழுதுகிறார். தாலுகாவுக்கு ஒரு பள்ளி வைத்து ஆசிரியருக்கு 9 ரூபாய் சம்பளம் தரலாம் என்பது அவர் திட்டம். 1827-ல் காலராவில் இறந்துபோனார். திட்டமும் சோர்ந்துபோயிற்று. இந்த அறிக்கைகளையெல்லாம் திரட்டித் தரம்பால் 1983-ல் நூலாக்கியதால்தான் என்னைப் போன்றவர்கள் படிக்க முடிகிறது.

அவற்றுள் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823-ல் எழுதிய அறிக்கை முக்கியமானது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை அவர் மனமாரப் பாராட்டுகிறார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியதும் தகும் என்கிறார். அதே அறிக்கையில் ஒரு குறையும் சொல்கிறார். பாடங்கள் பேச்சுக்கு எட்டாத செய்யுள் நடையில் இருப்பதால், பிள்ளைகள் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள் என்பதே அது. இருநூறு ஆண்டு ஆகிவிட்டது. அந்தக் கிளி இன்னும் பறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வரும் நாள்

1860-களில் இங்கிலாந்தில் ஒரு புதுச் சட்டம் வந்தது. தேர்வில் எத்தனை பிள்ளை தேறுகிறதோ அந்த அளவுக்கே பள்ளிக்கு மானியம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சென்னை மாகாணத்துக்கும் அது வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையாகச் சோதிப்பார். வாத்தியார் வீட்டு உலை கொதிப்பது அதைப் பொறுத்தது. அப்புறம் என்ன நடக்கும்? பிள்ளைக்குத் தெரிய வேண்டியது போய், இன்ஸ்பெக்டருக்குத் தெரிய வேண்டியது பாடமாகிவிடும். பிறகு அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள். பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

வணிகன் பாஷையில் சொல்கிறேன். வருஷக் கடைசியில் கடையில் சரக்கு எண்ணுகிறோம். எது குறைகிறது என்று தெரிந்து வாங்குவதற்காக எண்ணினால் கடை பிழைக்கும். யாருக்கோ கணக்குக் காட்டுவதற்காக எண்ணினால் காலிப் பெட்டியும் சரக்காகிவிடும். தேர்வும் அப்படித்தான்.

நம் மும்பையில் நடந்தது

1990-களின் நடுவில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் 'பிரதம்' என்னும் அமைப்பு தொடங்கியது. அதன் 'பால்சகி' திட்டத்தில், அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப்படிப்பு முடித்த பெண் ஒருவர், மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தனியே அழைத்து, தினம் இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பார். மாதம் 500 முதல் 750 ரூபாய்தான் ஊதியம். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் இதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் அளந்து பார்த்தார்கள். பால்சகி கிடைத்த பள்ளிகளின் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அதிகம் பயன் பெற்றவர்கள் கடைசியில் நின்ற பிள்ளைகள். இவ்விருவரும் மைக்கேல் கிரெமரோடு 2019-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

2005 முதல் பிரதம் வெளியிட்டுவரும் 'அசர்' அறிக்கைக்கான சோதனையைப் பாருங்கள். ஒரு தாளில் எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை. பிள்ளையின் வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மார்க் இல்லை, பாஸ் ஃபெயில் இல்லை. நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க வரவில்லை என்பதை வெளிச்சம் போட்டது அந்த ஒற்றைத் தாள்தான்.

தமிழ்நாட்டிலும் 2003-ல், எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டைகளே அதற்கு மூலம். பிள்ளைகள் பாயில் குழுவாக அமர்ந்து, ஏணிப் படிபோல் தம் வேகத்தில் அட்டைகளை முடிப்பார்கள். சில ஆண்டில் அது மாநிலம் முழுவதும் சென்றது. அட்டையைத் தேடுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் குறைப்பட்டதும் உண்டு. கொரோனாவுக்குப் பின் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைத் தெரிந்த அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். தன் வேகம், தெரிந்த அளவு, பக்கத்தில் ஒரு துணை. திண்ணை வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் செய்த பிழை

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

1960-களின் கடைசியில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் சட்டாம்பிள்ளை. வாத்தியார் ஒருவர், வகுப்பு ஐந்து. இரண்டாம் வகுப்பு வாசிப்பு என் பொறுப்பு. அதில் ஒரு பையன் பாடம் முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டான். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் தடங்கலில்லாமல் 'படிப்பான்'. எனக்கு அது தெரியும். மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார். "எல்லாருக்கும் ஆச்சாடா?" என்று வாத்தியார் கேட்டார். "ஆச்சு சார்" என்றேன். பையனும் இன்ஸ்பெக்டர் முன் ஒப்பித்துப் பாராட்டு வாங்கினான்.

இருபது வருஷம் கழித்து அவன் பம்பாய்க்குக் கூலி வேலைக்கு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து, மடித்து மடித்து நைந்த ஒரு கடிதத்தை நீட்டினான். "அண்ணே, கண்ணு சரியாத் தெரியல, நீங்களே படிங்க" என்றான். முப்பது வயதுகூட ஆகாதவனுக்குக் கண்ணுக்கு என்ன? அவன் கடிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். தாயாருக்கு உடம்பு முடியவில்லை, உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருந்தது. உடன் வேலை செய்கிறவர்களிடம் கேட்க வெட்கப்பட்டு, நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறான். அன்றே ரயிலேற்றி அனுப்பினேன். அவன் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டாம் வகுப்பில் நடந்தது அவனுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. எனக்கு இருக்கிறது. சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை நல்லவன்தான். ஆனால் இன்ஸ்பெக்டருக்காக 'ஆச்சு' என்று சொல்லும் சட்டாம்பிள்ளை, தெரியாததை மூடி மறைக்கும் மூடியாகிவிடுகிறான். இந்த வயதில் நான் கற்ற பாடம் இதுவே.

நாம் செய்யக்கூடியது

நம் பகுதிகளில் ஞாயிறுதோறும் தன்னார்வலர்கள் நடத்தும் தமிழ் வகுப்புகளுக்கு மூன்று யோசனை சொல்கிறேன். முதலாவது, வயதைப் பார்த்து உட்கார வைக்காதீர்கள். தெரிந்ததைப் பார்த்து உட்கார வையுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு 'அ' தெரியாவிட்டால் அது குற்றமில்லை. இரண்டாவது, முன்னே போன பிள்ளையை இரண்டு மூன்று சிறுவர்களுக்குத் துணையாக்குங்கள். சொல்லிக் கொடுப்பவனுக்கும் பாடம் உறுதிப்படும். மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒற்றைத் தாளில் சோதியுங்கள். பிள்ளை முன்னே பார்த்திராத வரிகளாக இருக்கட்டும். அந்த முடிவை மேடையில் அறிவிக்க வேண்டாம், பரிசும் வேண்டாம். அடுத்த வாரம் எதைச் சொல்லிக் கொடுப்பது என்று தெரிந்தால் போதும்.

கடைக்கு வந்த அந்தப் பையன் இப்போது மாலையில் அரைமணி நேரம் என் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறான். பென்சில் பெட்டியின் மேல் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். தெரியாத எழுத்து வந்தால் என் முகத்தைப் பார்க்கிறான். "முகத்துல இல்லடா, அட்டையில இருக்கு" என்கிறேன்.

வேடலில் 500 பிள்ளைகளின் சோற்றுக்கு ஓர் ஊர் பொறுப்பேற்றது. நாம் ஆளுக்கு ஒரு பிள்ளையின் எழுத்துக்குப் பொறுப்பேற்க முடியாதா?