படுக்கையில் கிடந்த போர்வீரன்



காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்கச் செல்கிறோம். ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து, பழப்பையை மேசையில் வைத்துவிட்டு, கால் மணி நேரத்தில் எழுந்துவிடுகிறோம். நாம் புறப்பட்ட பிறகு அவருக்கு முன்னால் ஒரு நீண்ட பிற்பகல் கிடக்கிறது. அந்தப் பிற்பகலைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்காக, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் தேசத்தில் கிடந்த ஒரு நோயாளியின் கட்டிலருகே உங்களை அழைத்துச் செல்கிறேன்.

1521 மே மாதம். பாம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டது. சரணடைவோம் என்று மற்றவர்கள் சொல்ல, போரிட்டே தீரவேண்டும் என்று தளபதியை இணங்க வைத்தவர் இனிகோ என்னும் பாஸ்கு நாட்டு வீரர். வயது முப்பது இருக்கும். பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலது காலை நொறுக்கி, இடது காலையும் காயப்படுத்திச் சென்றது. அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது. பகைவர்களே எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு வாரம் போலக் கவனித்து, டோலியில் ஏற்றி அவருடைய ஊராகிய லொயோலாவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

வீட்டில் மருத்துவர்கள் பார்த்தபோது எலும்பு இடம் மாறியிருந்தது. மறுபடியும் முறித்துச் சேர்க்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து என்பதே அக்காலத்தில் இல்லை. ஈத்தர் கொடுத்து அறுவை செய்வதை உலகம் அறிந்துகொள்ள 1846 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இனிகோ கை முஷ்டிகளை இறுக்கிக்கொண்டார், வாய் திறக்கவில்லை. பின்பு நிலைமை மோசமாகி, இறுதிச் சடங்குக்குரிய ஜெபங்களும் நடந்தன. பேதுரு, பவுல் திருநாளின் முந்திய இரவில்தான் உயிர் தப்பினார்.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் எலும்பு சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே ஒரு புடைப்பு நின்றது, காலும் குட்டையாயிற்று. அரண்மனை வீரர்கள் அணியும் இறுக்கமான பூட்ஸ் இனி பொருந்தாது! அந்த எலும்பை அறுத்தெடுங்கள் என்று அவரே கேட்டார். முன்பு பட்ட வேதனை எல்லாவற்றையும்விட இது அதிகமாயிருக்கும் என்றார்கள் மருத்துவர்கள். அண்ணன் நடுங்கினார். தம்பி அசையவில்லை. அறுத்தார்கள், பின்பு காலை நீட்டுவதற்காகக் கருவிகளைப் பூட்டிப் பல நாள் வதைத்தார்கள். அழகுக்காக மனிதன் எவ்வளவு தாங்குவான் என்று வியக்கிறேன். அவரை இகழவும் எனக்கு மனம் வரவில்லை. நம் பெருமையும் நம்மை இப்படித்தான் மேசையில் கிடத்துகிறது.

அதன்பிறகே அந்த நீண்ட பிற்பகல்கள் தொடங்கின. உடம்பு தேறிவிட்டது, கால் மட்டும் ஊன்றவில்லை. வீரக் கதைகள் வாசிக்கக் கேட்டார். அந்த வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையை விவரிக்கும் ஒரு நூலும், பரிசுத்தவான்களின் வரலாற்று நூலும் மட்டுமே கிடைத்தன. வேறு வழியின்றி வாசித்தார். வாசிக்காத வேளைகளில் மனம் ஓடியது. தான் நேசித்த உயர்குலப் பெண்ணுக்காக என்னென்ன சாகசம் செய்யலாம் என்று மூன்று நான்கு மணி நேரம் கனவு காண்பார். வேறு சமயம், பிரான்சிஸ் செய்ததை, தோமினிக் செய்ததை நான் ஏன் செய்யக்கூடாது என்று எண்ணுவார். எண்ணும்போது இரண்டுமே இனித்தன. ஆனால் முந்தியது கலைந்தபின் மனம் வறண்டது. பிந்தியது கலைந்தபின்னும் மகிழ்ச்சி தங்கியது. முதலில் அவர் இதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் கண்கள் சற்றே திறந்தன. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று வியந்தார்.

பிரியமானவர்களே, வீட்டில் படுத்திருக்கும் உங்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். கைப்பேசியில் ஓடும் காட்சி முடிந்த பிறகு உங்கள் உள்ளம் எப்படியிருக்கிறது? ஒரு மனஸ்தாபத்தை மீண்டும் மீண்டும் அசைபோட்ட பிறகு? நடுவில் இனிக்கிறதா என்பதைக் கேட்கவேண்டாம். முடிந்தபின் எஞ்சுவது எது என்று பாருங்கள். அவர் ஒரு குறிப்பேட்டில் கிறிஸ்துவின் வார்த்தைகளைச் சிவப்பு மையிலும், மரியாளின் வார்த்தைகளை நீல மையிலும் எழுதி ஏறக்குறைய முந்நூறு தாள்களை நிரப்பினார். இரவில் வானத்தையும் நட்சத்திரங்களையும் நெடுநேரம் பார்த்திருப்பார்.

அதே 1521 இல் லூத்தரும் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்து, ஆண்டின் இறுதியில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்க்கத் தொடங்கினார் என்பதை நினைக்கும்போது எனக்குப் புன்னகை வருகிறது. பிற்காலத்தில் எதிரெதிராக நிற்கப்போகும் இரு தரப்பின் மனிதர்களும் ஒரே காலத்தில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். இனிகோதான் பின்பு இஞ்ஞாசியார் ஆனார். 1540 இல் போப்பரசரின் ஒப்புதல் பெற்ற இயேசு சபையின் முதல் தலைவர். அவர் அனுப்பிய சவேரியார் 1542 இல் நம் முத்துக்குளித்துறைக் கரையில் வந்திறங்கினார். அச்சபையைச் சேர்ந்த அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சேறியது. உபதேசத்தில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடுகளை நான் மறைக்கவில்லை. தமிழ் அச்சின் நன்றிக்கடனையும் மறைக்க மாட்டேன்.

1522 தொடக்கத்தில் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். யாப்போக்கைக் கடந்த யாக்கோபைப் போல வாழ்நாள் முழுதும் நொண்டியே நடந்தார். மொன்செராத் மலைக்குப் போகும் வழியில், சாக்குத்துணி, ஊன்றுகோல் இவற்றோடு நார்ச்செருப்பு ஒரு ஜோடியும் வாங்கினார். கட்டுப்போட்ட கால் இரவுதோறும் வீங்கியதால், அந்தக் காலுக்கு மட்டும் ஒன்றை அணிந்துகொண்டார்.