ஏரியல் வளர்ந்த கதை

தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம்மனோர்க்கு, இரவில் வானொலிப் பெட்டியிலிருந்து எழும் தமிழ்க்குரல் ஒரு காலத்தில் ஊர்க் கடிதத்திற்கு ஒப்பாக இருந்தது. அக்குரலை வாங்கித் தந்தது பெட்டி மட்டுமன்று; கூரைமீது இரு மூங்கில்களுக்கிடையே கட்டிய செப்புக் கம்பியுமாகும். அக்கம்பியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1887-88ஆம் ஆண்டுகளில் மின்பொறி ஒன்றை எழுப்பி, எட்ட வைத்திருந்த கம்பி வளையத்தின் இடைவெளியில் அதற்கு ஈடான சிறு பொறி தோன்றக் கண்டார். வானலையை வாங்கிய அவ்வளையத்தை ஏரியலின் மூதாதை எனலாம். 1901 டிசம்பர் 12இல் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மார்க்கோனி ஏறத்தாழ 500 அடிக் கம்பியைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த குறிகளைக் கேட்டதாக அறிவித்தார். கம்பி நீளவும் உயரவும் வேண்டும் என்பதே அன்றைய பாடம்.

நம் சென்னையில் 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி, ஜூலை 31இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முடையால் 1927இல் அது நின்றது. பின்னர் சென்னை நகராட்சி மன்றம் 1930இல் அப்பணியை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் திறக்கப்பெற்றன.

இந்நிலையங்களின் மத்திய அலைகளைப் பகலில் வானத்தின் தாழ்ந்த மின்னணுப் படலம் விழுங்கிவிடும். கதிரவன் மறைந்ததும் அப்படலம் கலைய, அலைகள் மேற்படலத்தில் மோதித் திரும்பிப் பல நூறு மைல் கடந்து வரும். நாம் இரவில் மட்டும் ஊர்க்குரல் கேட்டதன் காரணம் இதுவே.

ஆயினும் இடையூறு ஒன்று உண்டு. சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 416 மீட்டர்; அதில் கால் பங்கே 104 மீட்டர். குவார்ட்டர்ஸில் வாழ்வோர் அத்துணை நீளக் கம்பிக்கு எங்கே போவது? ஒரு மீட்டர்க் கோல் போதுமெனில், அது வாங்கும் சிறு மின்னழுத்தம் கேபிளில் இறங்கும்போதே பெரும்பாலும் வீணாகிவிடும்.

1947இல் டிரான்ஸிஸ்டர் பிறந்தபின் இதற்கு வழி பிறந்தது. 1960களில் ம்யூனிக் நகரில் பேராசிரியர் மைன்கே முதலியோர் கோலின் அடியிலேயே சிறு பெருக்கியை இணைத்து ஆராய்ந்தனர். இதுவே ‘ஆக்டிவ் ஆண்டெனா’. மத்திய அலையில் வானத்து இரைச்சல் பெட்டியின் சொந்த இரைச்சலினும் மிகுதி. கோல் குறுகினால் குரலும் வானத்து இரைச்சலும் ஒரே விகிதத்தில் குறையும். ஆதலின் பெருக்கி இழப்பை ஈடு செய்துவிடும்.

சென்ற ஆண்டு என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தபோது, தந்தையாரின் பழைய பெட்டியில் தமிழ் கேட்க விரும்பினார். அத்தகைய ஏரியல் ஒன்றை வாங்கி ஜன்னலில் பொருத்தினேன். எழுந்ததோ பேரிரைச்சல்! வீட்டு எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசிச் சார்ஜர்களும் எழுப்பிய கரகரப்பையும் பெருக்கி பெருக்கித் தந்தது. கோலை மொட்டைமாடியின் கோடியில் நட்டு, முறையாக எர்த் கொடுத்தபின், இரவு ஒன்பது மணிக்கு மேல் தமிழ்க்குரல் மெலிதாயினும் தெளிவாக எழுந்தது. தாயார் ஒன்றும் கூறவில்லை. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

கைப்பேசியிலேயே கேட்கலாமே என்பர் இளைஞர். மெய்தான். ஆயினும் அன்றிரவு நான் கற்றது வேறொன்று: கோலுக்கு வந்து சேராததைப் பெருக்கியால் பெருக்க இயலாது. நம் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பும் ஆண்டு விழாவும் பெருக்கி போன்றவை. வீடே கோல். வீட்டில் குழந்தையின் செவியில் தமிழ் விழாதாயின், சங்கம் எதைப் பெருக்கும்? இரைச்சலுக்கு அப்பால் கோலை நடுவது பெற்றோராகிய நம் கடமையன்றோ!